ஓடும் பஞ்சாங்கம்: பழைய வானியல் கடிகாரங்களைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

பிராக் நகரின் பழைய நகர மன்றக் கோபுரத்துக்குக் கீழே, மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போதே கூட்டம் சேர்ந்துவிடும். எலும்புக்கூட்டுப் பொம்மை கயிற்றை இழுத்து மணியடிக்கும். மேலே இரண்டு ஜன்னல்கள் திறக்கும். இயேசுவின் திருத்தூதர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பொன்னிறச் சேவல் கூவியதும் எல்லாம் முடிந்தது, கூட்டம் கலைந்துவிடும். பொம்மைகளுக்கு நேர் கீழே நீலமும் சிவப்பும் கறுப்புமாக ஒரு பெரிய வட்டத்தட்டு, வளைந்த கோடுகளோடும் ஒன்றுக்குள் ஒன்றான வளையங்களோடும் இரவும் பகலும் நகர்ந்துகொண்டிருக்கிறது. அதை நின்று படிப்பவர்கள் குறைவு. 1410-இல் அந்தக் கடிகாரத்தைச் செய்ததே அந்தத் தட்டுக்காகத்தான். பொம்மைகளெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை.

அந்தத் தட்டைப் படிப்பது கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். நமக்கு அது அவ்வளவு கஷ்டமில்லை. தினசரி காலண்டர் கிழிக்கும்போது "இன்னிக்கு என்ன திதி" என்று பார்க்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. என் பாட்டி காலையில் காலண்டர் தாளைக் கிழித்ததும் முதலில் தேதியைப் படிக்கமாட்டாள், திதியைத்தான் படிப்பாள். அந்தப் பழக்கம்தான் பல வருடம் கழித்து இந்தக் கடிகாரங்களின் பூட்டைத் திறக்க எனக்குக் கைகொடுத்தது. திதி என்றால் சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளி. இந்தக் கடிகாரங்களின் நிலா முள் காட்டுவதும் அதே இடைவெளியைத்தான்.

ஆகவே கடிகாரத்தின் படத்தோடு ஆரம்பிக்க வேண்டாம். மொட்டை மாடியில் ஆரம்பிப்போம்.

முதல் படி: பத்துப் பன்னிரண்டு நாள் நிலா பார்ப்பது

அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிகிற நாளில் தொடங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில், மாலை 7 மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், மாடிக்குப் போய் நிலா எங்கே இருக்கிறது என்று குறியுங்கள். தெரு விளக்குக் கம்பம், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, தென்னை மரம், எது வேண்டுமானாலும் அடையாளமாகும். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை. நிலா ஒவ்வொரு நாளும் ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகமாகக் கிழக்கே நகர்ந்திருக்கும். மூன்றாம் பிறையன்று மேற்கில் தாழ்வாக இருந்தது, அஷ்டமி வாக்கில் உச்சிக்கு அருகில் நிற்கும், பௌர்ணமியன்று கிழக்கில் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருக்கும்.

இந்த நகர்வைக் கண்ணால் பார்த்துவிட்டால் கணக்கு தானாக வரும். சூரியனிலிருந்து சந்திரன் விலகிப் போகும் தூரம் 12 பாகை ஆகும்போது ஒரு திதி முடிகிறது. முழு வட்டம் 360 பாகை, எனவே 30 திதி. 180 பாகையில் பௌர்ணமி. திரும்ப ஒன்று சேர்ந்தால் அமாவாசை. இந்தச் சுற்றுக்குச் சராசரியாக 29.53 நாள். ஒரு திதிக்குச் சராசரியாக 23 மணி 37 நிமிடம்.

தமிழில் "திங்கள்" என்ற ஒரே சொல் நிலாவையும் குறிக்கிறது, மாதத்தையும் குறிக்கிறது. நம் சித்திரையும் வைகாசியும் இப்போது சூரியக் கணக்கில் ஓடுகிற மாதங்கள். ஆனாலும் மாதம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல் மறக்கவில்லை.

இரண்டாம் படி: கல்யாணப் பத்திரிகையில் ஒரு கடிகாரம்

இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். கையால் ஒருமுறை செய்தவர்களுக்கு மீதி எல்லாம் எளிது.

கெட்டியான பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு சாண் அகலத்துக்கு வட்டம் வெட்டுங்கள். விளிம்பை 24 பங்காகப் பிரியுங்கள். உச்சியில் நண்பகல் 12, அடியில் நள்ளிரவு 12. இடது பக்கம் நடுவில் காலை 6, வலது பக்கம் நடுவில் மாலை 6. தெற்கே பார்த்து நிற்பவருக்கு இடது கை கிழக்கு, வலது கை மேற்கு என்பதால் இந்த அமைப்பு. ஐரோப்பியக் கடிகாரங்களும் இப்படித்தான் நிற்கின்றன. நடுவில் ஒரு குண்டூசி, அதில் இரண்டு அட்டைக் கீற்றுகள். நீளமானது சூரிய முள், குட்டையானது நிலா முள்.

வட்டத்தில் ஒரு மணிக்கு 15 பாகை. திதிக்கு 12 பாகை. அப்படியானால் ஒரு திதிக்கு 48 நிமிடம், அதாவது சரியாக 2 நாழிகை. நிலா ஒவ்வொரு திதிக்கும் சூரியனுக்கு 2 நாழிகை பின்தங்குகிறது. இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இப்போது முயன்று பாருங்கள். இன்று வளர்பிறை பஞ்சமி, மணி மாலை 7 என்று வைப்போம். சூரிய முள்ளை மாலை 7-இல் வையுங்கள். பஞ்சமியின் நடுவில் நான்கரைத் திதி கடந்திருக்கும். நான்கரையை 48-ஆல் பெருக்கினால் 216 நிமிடம், அதாவது 3 மணி 36 நிமிடம். நிலா முள்ளை அவ்வளவு பின்னுக்குத் தள்ளினால் அது பிற்பகல் 3.24-இல் நிற்கும். பிற்பகல் மூன்றரை மணி சூரியன் வானத்தில் எங்கே இருக்குமோ ஏறத்தாழ அங்கே இப்போது நிலா இருக்கவேண்டும். மாடிக்குப் போய்ப் பாருங்கள், இருக்கும். நிலா முள் மாலை 6-க்கு வரும்போது சூரிய முள் எங்கே இருக்கிறது? இரவு 9.36. அன்றைக்கு நிலா மறைவது ஏறக்குறைய அப்போதுதான்.

நம் ஊர் தெற்கே இருப்பதால் சில மாதங்களில் நிலா உச்சிக்கு வடக்காகவும் போகும். அப்போது தலையை நிமிர்த்திப் பார்க்கவேண்டுமே தவிர, முள்ளின் கணக்கு மாறாது.

மூன்றாம் படி: வெல்ஸ் கடிகாரம்

ஐரோப்பாவின் பழைய கடிகாரங்களில் முதலில் படிக்க எளிதானது இங்கிலாந்தில் வெல்ஸ் பேராலயத்தின் உள்ளே இருப்பது. சுமார் 1390-இல் செய்தது. அதன் பழைய இரும்பு இயந்திரம் 1884 முதல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகப்பு மட்டும் பேராலயத்திலேயே நிற்கிறது.

நீங்கள் செய்த அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் படத்தைப் பாருங்கள். வெளி வளையத்தில் 24 மணி, உச்சியில் நண்பகல். பொன்னிறமான ஒரு பெரிய நட்சத்திரம்தான் சூரியன், அது நாளுக்கு ஒரு சுற்று வருகிறது. அடுத்த வளையம் நிமிடங்களுக்கு. எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் வளையத்தில் 1 முதல் 30 வரை எண்கள், அவை நிலாவின் வயது. வெல்ஸ் நகரத்துக்காரர் அன்று "நிலாவுக்கு வயது எட்டு" என்று படித்தால், நம் ஊரில் "அஷ்டமி" என்போம். பக்கத்திலேயே நிலாவின் வடிவத்தைக் காட்டுகிற வட்டமும் உண்டு. நடுவில் பூமி அசையாமல் இருக்கிறது. இந்தக் கடிகாரம் செய்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகுதான் பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்று கோப்பர்நிக்கஸ் எழுதினார்.

வெல்ஸ் போதும், பிராகுக்குப் போகலாம்.

நான்காம் படி: பிராகின் தட்டு

செக் மொழியில் இதற்கு ஓர்லாய் என்று பெயர். காடான் ஊரைச் சேர்ந்த கடிகாரக் கொல்லர் மிக்குலாஷும், பிராக் பல்கலைக்கழகத்தில் கணிதமும் வானியலும் கற்பித்த யான் ஷிண்டெலும் சேர்ந்து 1410-இல் செய்தார்கள். ஹனுஷ் என்றொரு கலைஞர் செய்தார், இதைப்போல் வேறு ஊரில் செய்துவிடக் கூடாது என்று அவர் கண்ணைக் குருடாக்கினார்கள் என்று ஒரு கதை நெடுங்காலம் ஓடியது. 1410 அக்டோபர் 9 தேதியிட்ட பழைய ஆவணம் கிடைத்த பிறகு, முதலில் செய்தது மிக்குலாஷ்தான் என்று உறுதியானது. வழிகாட்டிகள் சிலர் இன்னமும் பழைய கதையையே சொல்வதில் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு தேர்ந்த கொல்லரும் ஒரு கணித ஆசிரியரும் உட்கார்ந்து பற்சக்கரங்களின் பல்லெண்ணிக்கை பேசிய காட்சி எந்தக் கட்டுக்கதைக்கும் குறைந்ததில்லை.

தட்டைப் பார்த்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்க முயலாதீர்கள். இந்த வரிசையில் போங்கள்.

முதலில் பின்னணி வண்ணம். மேலே பெரிய நீலப் பரப்பு, அது அடிவானத்துக்கு மேலே உள்ள வானம். அடியில் கறுப்பு வட்டம், அது முழு இருட்டு. இரண்டுக்கும் நடுவே செம்பழுப்பு, அது விடியலும் அந்தியும். நீலமும் செம்பழுப்பும் சேருகிற கோடுதான் அடிவானம். இடது பக்கம் லத்தீனில் உதயம் என்றும், வலது பக்கம் அஸ்தமனம் என்றும் எழுதியிருக்கிறது. நடுவில் சின்ன நீல வட்டம் பூமி. இந்தப் பின்னணி அசைவதே இல்லை. பிராகின் வானத்தைத் தட்டையாக வரைந்த படம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சூரியன். ஒரு முள்ளின்மேல் பொன்னிறச் சூரிய உருவம் இருக்கும், அதே முள்ளின் நுனியில் ஒரு பொன்னிறக் கை. கை காட்டுகிற ரோமன் எண்தான் மணி. அட்டைக் கடிகாரம் மாதிரியே உச்சியில் நண்பகல். சூரிய உருவம் முள்ளின்மேல் நிலையாக ஒட்டியதில்லை, வருடம் முழுக்க மேலும் கீழும் வழுக்கிப் போகும். கோடையில் நடுவிலிருந்து வெகுதூரம் விலகியிருக்கும், குளிர்காலத்தில் நெருங்கி வந்துவிடும். ஏன் என்றால், அந்த உருவம் எப்போதும் பன்னிரண்டு ராசிக் குறிகள் கொண்ட ராசி வளையத்தின்மேல் நிற்கவேண்டும். அந்த வளையத்தின் நடுப்புள்ளி தட்டின் நடுப்புள்ளியில் இல்லாமல் தள்ளி இருக்கிறது. விலகி நிற்கும்போது சூரியன் நீலப் பரப்பைக் கடக்க அதிக நேரம் ஆகும், நெருங்கி நிற்கும்போது குறைந்த நேரம். கோடைப் பகல் நீளம், குளிர்காலப் பகல் குறைவு என்பதை ஒரு கோணல் வளையத்தாலேயே காட்டிவிட்டார்கள். பிராகில் நீண்ட பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும், குறுகிய பகல் சுமார் 8 மணி நேரம்தான். சென்னையில் இந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரம் அளவுக்கே இருப்பதால் நாம் இதைப் பெரிதாக உணர்வதில்லை.

மூன்றாவது, நீலப் பரப்பில் ஓடும் வளைந்த பொன் கோடுகள். இவை பகலை 12 பங்காகப் பிரிக்கின்றன. சூரிய உருவம் எந்த இரு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறது என்று பாருங்கள், கையைப் பார்க்காதீர்கள். பகல் நீண்டால் இந்தப் பங்கும் நீளும். நடுக்கோடையில் ஒரு பங்கு 80 நிமிடத்தைத் தாண்டும், நடுக்குளிரில் சுமார் 40 நிமிடம். ராகு காலத்தைத் துல்லியமாகப் பார்ப்பவர்கள் உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை 8 பங்கு வைப்பார்களே, அதே முறை, 8-க்குப் பதில் 12.

இன்னும் நெருங்கிய சொந்தம் ஒன்று இருக்கிறது. இந்த 12 பங்குகளுக்கும் ஒவ்வொரு கிரகம் அதிபதி என்று அக்கால ஐரோப்பியர் கணித்தார்கள். நாமும் "சுக்கிர ஓரை", "குரு ஓரை" என்கிறோம். ஓரை என்ற சொல்லே கிரேக்கத்தில் நேரத்தைக் குறிக்கும் ஹோராவிலிருந்து வந்தது. ஞாயிறு உதயத்தில் முதல் ஓரை சூரியனுக்கு, அடுத்து சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என்று சுற்றிவந்தால் 25-ஆவது ஓரை, அதாவது மறுநாளின் முதல் ஓரை, சந்திரனுக்கு விழும். அதனால் ஞாயிறுக்கு அடுத்து திங்கள். நாளைக்கே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், ஏழு கிழமையும் வரிசையாக வந்து நிற்கும்.

நான்காவது, எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும் கறுப்பு வளையம், அதில் பழைய கோதிக் பாணியில் பொன் எண்கள் 1 முதல் 24 வரை. இது பழைய செக் நேரம். அஸ்தமனத்தில் 24 முடிந்து புது நாள் பிறக்கும். யூதர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் நாள் அஸ்தமனத்தில் தொடங்குவது போலத்தான். அஸ்தமன நேரம் வருடத்தில் முன்னும் பின்னும் போவதால், இந்த வளையமும் மெதுவாக ஆடி ஆடிப் பின்தொடரும். பொன்னிறக் கை இதில் 20-ஐக் காட்டினால், இருட்ட இன்னும் 4 மணி நேரம் இருக்கிறது என்று அர்த்தம். வெளியூரிலிருந்து சந்தைக்கு வந்து நகரக் கதவு மூடுமுன் கிளம்பவேண்டியவருக்கு இதைவிட உதவியான எண் வேறென்ன?

கடைசியாக நிலா. இன்னொரு முள்ளின்மேல் சிறு பந்து, பாதி வெள்ளி, பாதி கறுப்பு. பந்து தன்னைத்தானே சுழன்று பிறையைக் காட்டும். உள்ளே ஒரு எடைக்கட்டி தொங்குகிறது. முள் சுற்றும்போது பந்தும் தலைகீழாகச் சுற்றிவரும், எடையோ எப்போதும் கீழ்நோக்கியே நிற்கும். அந்த வித்தியாசம் ஒரு திருகை நாளுக்குக் கொஞ்சம் நகர்த்த, பந்து மெல்லத் திரும்புகிறது. வெளியிலிருந்து எந்தக் கம்பியும் போகவில்லை, புவியீர்ப்பு மட்டும்தான் இயக்குகிறது.

ஆனால் படிக்கப் பழகும்போது பந்தின் நிறத்தை நம்பாமல் முள்ளைப் படியுங்கள். உதாரணம்: சூரிய முள் பிற்பகல் 4-இல், நிலா முள் காலை 10-இல். நிலா 6 மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. 6 மணிக்கு 90 பாகை, 90-ஐ 12-ஆல் வகுத்தால் ஏழரை. ஏழு திதி முடிந்து எட்டாவது நடக்கிறது, வளர்பிறை அஷ்டமி. நிலா முள் தட்டில் இடது பக்கம் மேலே, நீலத்தில் நிற்கிறது. ஆகவே பிற்பகல் வெளிச்சத்திலேயே தென்கிழக்கில் அரைநிலா தெரியும். சூரியன் 6-க்கு வரும்போது நிலா உச்சிக்கு வந்துவிடும். முதல் படியில் மாடியில் பார்த்தது இதுவேதான்.

இங்கே நம்மவர்கள் ஒரு இடத்தில் தடுமாறுவார்கள். தட்டின் ராசி வளையத்தில் சூரியன் மார்ச் 20, 21 வாக்கிலேயே மேஷத்துக்குள் போய்விடும். நம் பஞ்சாங்கத்தில் மேஷ சங்கராந்தி சித்திரை 1, அதாவது ஏப்ரல் 14. கடிகாரம் தப்பு என்று முடிவு செய்துவிடாதீர்கள். அவர்கள் பகலும் இரவும் சமமாகும் புள்ளியிலிருந்து மேஷத்தை எண்ணுகிறார்கள், நாம் நட்சத்திரங்களிலிருந்து எண்ணுகிறோம். இரண்டுக்கும் இப்போது சுமார் 24 பாகை இடைவெளி. எனவே பிராக் கடிகாரத்தில் ராசி பார்த்து நம் ஜாதகத்தோடு பொருத்தாதீர்கள். திதிக்கு மட்டும் இந்தக் குழப்பமே கிடையாது. சூரியனையும் சந்திரனையும் ஒரே இடத்திலிருந்து எண்ணி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது அந்த 24 பாகை அடிபட்டுப் போய்விடும். பிராகில் ஏகாதசி என்றால் காஞ்சிபுரத்திலும் அந்த நொடியில் ஏகாதசிதான்.

ஐந்தாம் படி: பின்னால் இருக்கும் மூன்று சக்கரங்கள்

தட்டுக்குப் பின்னால் ஒரே அச்சில் மூன்று பெரிய பற்சக்கரங்கள். பல் எண்ணிக்கை 365, 366, 379. மூன்றையும் 24 பல் கொண்ட சிறு சக்கரங்கள் ஒரே வேகத்தில் தள்ளுகின்றன. பல் குறைந்த சக்கரம் வேகமாகச் சுற்றும். 366 பல் உள்ளது சூரியன், நாளுக்கு ஒரு சுற்று. 365 பல் உள்ளது ராசி வளையம், சூரியனைவிடக் கொஞ்சம் வேகம், வருடத்தில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றும். நட்சத்திரங்கள் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றனவே, அது இங்கே ஒரே ஒரு பல்லில் அடங்கிவிட்டது. எனக்கு இந்தக் கடிகாரத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது.

379 பல் உள்ளது நிலா. சூரியனைவிட 13 பல் அதிகம், அதனால் மெதுவாகச் சுற்றிப் பின்தங்கும். 379-ஐ 13-ஆல் வகுங்கள்: 29.15. உண்மை 29.53. இந்தப் பல் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் மாதத்துக்கு சுமார் 9 மணி நேரம் பிசகும். ஒரு வருடத்தில் நாலரை நாளைத் தாண்டிவிடும். ஆகவே இப்படிப்பட்ட இயந்திரத்துக்கு வானத்தைப் பார்த்து நிலாவைக் கையால் சரிசெய்யத் தெரிந்த ஒருவர் எப்போதும் தேவை. பிராகில் கடிகாரக் காப்பாளர் என்று தனிப் பொறுப்பே உண்டு.

இன்னொரு பிசகு பற்சக்கரத்தால் தீர்க்கவே முடியாதது. சக்கரம் ஒரே சீராகச் சுற்றும், நிலா அப்படிப் போவதில்லை. பூமிக்கு அருகே வரும்போது வேகம், விலகும்போது மெதுவு. அதனால்தான் ஒரு திதி 19 மணியில் முடிவதும் உண்டு, 26 மணி வரை இழுப்பதும் உண்டு. கடிகாரத்தின் நிலாவுக்கும் பஞ்சாங்கத்தின் நிலாவுக்கும் ஒரு திதி வரை வித்தியாசம் வந்தால் கவலைப்படாதீர்கள்.

நம் பக்கத்தில் இந்தச் சிக்கலை இரும்பில்லாமல் தீர்த்தார்கள். வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள், நிலாவின் வேக மாற்றத்தை 248 நாளுக்கு நாள்வாரியாகச் சொல்கின்றன. அத்தனை நாளில் அந்த ஏற்ற இறக்கம் 9 முறை நிறைவாகி, கணக்கு மறுபடி தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு வாக்கியமும் எழுத்துகளுக்குள் எண்ணை ஒளித்து வைத்த சிறு தொடர், மனப்பாடம் செய்ய ஏற்றது. வாக்கியப் பஞ்சாங்கத்துக்குப் பெயர் வந்ததே இதனால்தான். 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர், தரையில் சோழிகளை அடுக்கி, நினைவிலிருந்த அட்டவணைகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் என்ற அதிகாரி பதிவு செய்திருக்கிறார். ஐரோப்பியர் பல்லில் செதுக்கியதை இவர்கள் நாவில் வைத்திருந்தார்கள்.

ஆறாம் படி: பொன் எண்ணும் நிலாவின் வயதும்

இடைக்கால ஐரோப்பாவுக்கு நிலா ஏன் அவ்வளவு முக்கியம்? ஈஸ்டர். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். பெரும்பாலான வருடங்களில் நம் பங்குனிப் பௌர்ணமியும் அந்தப் பௌர்ணமியும் ஒன்றுதான்.

12 சந்திர மாதம் சேர்ந்தால் சுமார் 354 நாள், சூரிய வருடத்துக்கு 11 நாள் குறைவு. தீபாவளியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. இப்படியே பின்வாங்கினால் மழைக்காலம் தாண்டிப் போய்விடும் என்பதால் இடையில் ஓர் அதிக மாதம் வருகிறது, 2026-இல் நவம்பர் 8-க்குத் திரும்பிவிடுகிறது. 19 வருடத்தில் 7 அதிக மாதம் சேர்த்தால் 235 சந்திர மாதம், சூரியக் கணக்கோடு சில மணி நேர வித்தியாசத்தில் பொருந்தும். 2006-இல் தீபாவளி அக்டோபர் 21, 19 வருடம் கழித்து 2025-இல் அக்டோபர் 20. பழைய காலண்டர் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

அந்த 19 வருடச் சுற்றில் இது எத்தனையாவது வருடம் என்பதுதான் பொன் எண். வருடத்தை 19-ஆல் வகுத்து மீதியோடு 1 கூட்டுங்கள். 1410-ஐ எடுப்போம். மீதி 4, பொன் எண் 5. அக்காலத் தேவாலய அட்டவணையில் பொன் எண் 5-க்குப் பௌர்ணமி மார்ச் 22. அந்த வருடம் அது சனிக்கிழமை, எனவே மறுநாள் மார்ச் 23 ஈஸ்டர். ஈஸ்டர் வரக்கூடிய மிக முந்தைய நாளுக்கு ஒரே நாள் தள்ளி. பிராக் கடிகாரம் பிறந்த வருடத்தின் ஈஸ்டர் அது.

அட்டவணை அப்படிச் சொன்னாலும் வானத்து நிலா அதற்குள் சுமார் மூன்று நாள் முந்திப் போயிருந்தது. 19 வருடச் சுற்றில் மிச்சமிருந்த அந்தச் சொற்ப வித்தியாசம் ஏறத்தாழ 300 வருடத்துக்கு ஒரு நாளாகச் சேர்ந்துவிட்டது. நிலா முள் உள்ள கடிகாரத்தை ஊர் நடுவில் வைத்தால் இந்தப் பிழை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். 1582-இல் போப் கிரெகரி காலத்துக் காலண்டர் திருத்தத்தில் 10 நாளை நீக்கியதோடு நிலா அட்டவணையையும் 3 நாள் நகர்த்தினார்கள்.

இக்காலத்துக்கு ஒரு சுருக்கு வழி. ஜனவரி 1 அன்று நிலாவின் வயது என்ன என்பதற்கு எபாக்ட் என்று பெயர். 2025-க்கு 0. 2032 வரை வருடத்துக்கு 11 கூட்டுங்கள், 30-ஐத் தாண்டினால் 30-ஐக் கழியுங்கள்: 2026-க்கு 11, 2027-க்கு 22, 2028-க்கு 3. ஏப்ரல் 13-இலிருந்து அந்த எண்ணைப் பின்னோக்கி எண்ணினால் ஈஸ்டருக்கு உரிய பௌர்ணமி கிடைக்கும். 2026-க்கு ஏப்ரல் 2, அடுத்த ஞாயிறு ஏப்ரல் 5 ஈஸ்டர். 2027-க்கு மார்ச் 22, ஈஸ்டர் மார்ச் 28. எபாக்ட் 23-ஐத் தாண்டும் வருடங்களில் பௌர்ணமி மார்ச் 21-க்கு முன் விழுவதால் அடுத்த மாதத்துக்குப் போகவேண்டும், அதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். 2026 ஜனவரி 1 நம் பஞ்சாங்கத்தில் திரயோதசி, எபாக்ட்டோ 11. பிறை கண்ணில் படுவதை ஒட்டி எண்ணுவதால் தேவாலயத்து நிலா ஒன்றிரண்டு நாள் பின்னால்தான் இருக்கும்.

இந்தக் கணக்கை முழுக்க இயந்திரமாகவே பார்க்க ஆசையென்றால் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் பேராலயத்துக்குப் போங்கள். அங்கே 14-ஆம் நூற்றாண்டிலேயே கடிகாரம் இருந்தது. இப்போது ஓடுவது 1842-இல் ஷ்வில்கே முடித்தது, ஈஸ்டர் தேதியைத் தானே கணக்கிட்டு வைக்கும். ஸ்வீடனில் லுண்ட் பேராலயத்துக் கடிகாரம் 15-ஆம் நூற்றாண்டுடையது, 1923-இல் புதுப்பித்து மறுபடி ஓடவிட்டார்கள். அதன் காலண்டர் தட்டு 2123 வரை எழுதப்பட்டிருக்கிறது.

எங்கும் போக முடியாதவர்களுக்கு வீட்டிலேயே ஒரு பயிற்சி. தேதி குறித்த பிராக் கடிகாரப் புகைப்படம் ஒன்றை எடுங்கள். தேதியைப் பார்க்காமல் மறைத்துவிட்டு, சூரிய முள்ளுக்கும் நிலா முள்ளுக்கும் இடைவெளி எத்தனை மணி என்று எண்ணுங்கள். நிலா பின்னால் 12 மணிக்குள் இருந்தால் வளர்பிறை, தாண்டினால் தேய்பிறை. மணியை நிமிடமாக்கி 48-ஆல் வகுத்துத் திதியைத் தாளில் எழுதுங்கள். பிறகு ராசி வளையத்தில் சூரியன் எங்கே என்று பார்த்து மாதத்தை எழுதுங்கள். அதன்பின் தேதியைத் திறந்து, அந்த நாளின் பஞ்சாங்கத்தோடு ஒப்பிடுங்கள். நான் முதலில் எடுத்த படத்தில் எனக்கு தசமி வந்தது, பஞ்சாங்கத்தில் அன்று ஏகாதசி. மாதம் சரியாக இருந்தது.